கொழுந்தன் தண்ணீர் சுமந்த கரடு

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஐந்து. அந்த ஐந்தாவது என் கொழுந்தன். நான் வாழ வந்தபோது மூக்கு ஒழுக நின்றவன். மாமியார் அதற்கு முன்பே போய்விட்டதால் நான்தான் குளிப்பாட்டி, சோறு போட்டு, பின்னால் பெண் பார்த்துக் கட்டியும் வைத்தேன். எனக்குக் கையெழுத்துப் போடவும் பஸ்ஸில் ஊர்ப் பெயர் படிக்கவும் தெரியும். மற்றதை நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். அவசரம் ஒன்றுமில்லை.

எங்கள் நிலம் கல்வராயன் மலை அடிவாரத்தில். பாகம் பிரித்தபோது மேலே மரம் அடர்ந்திருந்த கரட்டுக் குன்று அவனுக்குப் போனது. அதன் காலடியில் பாறையிடுக்கில் கசிகிற ஊற்றும், அதை ஒட்டிய நிலமும் எங்களுக்கு வந்தன. சித்திரை வெயிலிலும் நிற்காத ஊற்று அது. வாய்க்கால் வெட்டி அந்தத் தண்ணீரை வீட்டுக்குப் பின்னால் கொண்டுவந்து பூந்தோட்டம் போட்டேன். குண்டுமல்லி, முல்லை, சாமந்தி, கனகாம்பரம். என் மல்லி அரும்பு விட்டால் வாசம் தெருமுனை வரை போகும். நானே சொல்லிக்கொள்ளக்கூடாதுதான், ஆனால் கள்ளக்குறிச்சிப் பூக்கடைக்காரர் வீடு தேடி வந்து வாங்கிப் போவார்.

ஒரு மாசியில் அவன் கரட்டு மரங்களை வெட்ட ஆள் விட்டான். மரவள்ளி போடப் போகிறானாம். கோடாரிச் சத்தம் கேட்டு ஓடினேன்.

"இன்னாடா பண்றே?"

"மரம் என் பாகத்துல இருக்குது அண்ணி."

"ஊத்து?"

"அது உங்க பாகத்துலதான இருக்குது. அத நா தொடலியே."

கூலிக்கு வந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

மழையைப் பிடித்து வைப்பது காடுதான். சருகு மெத்தைபோலக் கிடந்து தண்ணீரைக் குடிக்கும். வேர் அதை உள்ளே இறக்கும். பிறகு கோடை முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். மரம் போன அந்த ஐப்பசியில் கரட்டு மண் சேறாக என் தோட்டத்துக்குள் இறங்கியது. அடுத்த கோடையில் ஊற்று வற்றியது. மல்லிச் செடிகள் நின்ற இடத்திலேயே விறகாகிப்போயின. துணி துவைக்கிற கல்லோரம், அழுக்குத் தண்ணீரில் ஒரே ஒரு கனகாம்பரம் பிழைத்துக் கிடந்தது.

"விட்டுத் தொலை, தம்பிதானே" என்றார் என் வீட்டுக்காரர். நான் சண்டைக்குப் போகவில்லை. காத்திருந்தேன்.

எங்கள் வழக்கத்தில், நிச்சயத்தன்று பெண்ணுக்கு முதல் பூவைப் பெரியம்மாதான் வைக்க வேண்டும். அதுவும் சொந்த வீட்டில் பூத்ததாக இருக்க வேண்டும். அவன் மகளுக்கு எலவனாசூர்கோட்டையில் மாப்பிள்ளை அமைந்தது. நிச்சயத்தன்று பந்தல் நிறைய ஆட்கள். பூத்தட்டைத் துணியால் மூடி எடுத்துப் போனேன். சபை நடுவில் வைத்துத் துணியை நீக்கினேன். உள்ளே காய்ந்த மல்லி வேர்.

மாப்பிள்ளையின் அம்மா முகம் கறுத்துப்போனது. "இன்னாம்மா இது, நல்ல காரியத்துல?"

"எங்க வூட்ல இப்ப இதாங்க பூக்குது. பொண்ணோட அப்பனையே கேளுங்க."

அவன் பந்தக்கால் பக்கம் திரும்பிக்கொண்டான். நானே நடந்ததை நிதானமாக, ஒன்றும் விடாமல் சொன்னேன். அந்த அம்மா கையிலிருந்த வெற்றிலையைக் கீழே வைத்தார். "பெரியவங்க பூ வெக்காத பொண்ண நாங்க எப்படிங்க கூட்டிக்கினு போறது? மொதல்ல நீங்க பேசி முடிங்க."

"இன்னா வேணும், சொல்லுங்க" என்றான் கொழுந்தன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"மரவள்ளியப் புடுங்கு. நா சொல்ற மரத்த வையி. தண்ணிய நீயே தூக்கி ஊத்தணும். ஆள் வெக்கக்கூடாது."

சூடம் ஏற்றி அடித்துச் சத்தியம் செய்தான். அதன்பிறகுதான் மடியில் முடிந்திருந்த கனகாம்பரத்தை எடுத்துப் பெண்ணின் தலையில் வைத்தேன். அந்தப் பிள்ளைமேல் எனக்கு என்ன கோபம்?

மரவள்ளியைப் பிடுங்கினான். கிழங்கு விரல் பருமன்கூட இறங்கியிருக்கவில்லை. எனக்கு மனசு குளிர்ந்தது. வெள்ளிமலைக்கு நானே பஸ் ஏறிப் போய்க் கடுக்காய், நாவல், வேங்கைக் கன்றுகளை ஜீப்பில் இறக்கிக்கொண்டு வந்தேன். கோடையில் அவன் காவடியில் குடம் கட்டித் தண்ணீர் சுமந்தான். நான் பாறைமேல் குடை பிடித்து உட்கார்ந்து, வறுத்த மல்லாட்டைக் கடலையை உடைத்துத் தின்றுகொண்டு பார்த்தேன்.

"அந்தக் கடுக்காய்க்கு ஊத்தலியே."

"ஊத்தனேன் அண்ணி."

"நா பாக்கல. இன்னொரு வாட்டி ஊத்து."

"முதுகு போச்சு. ஜாஸ்தியா வதைக்கிறீங்க."

"மல்லிக்கு வாயிருந்தா அதுவும் அப்படித்தான் சொல்லியிருக்கும்."

ஆடு ஏறாமல் முள் வெட்டி அடைக்க வைத்தேன். விழுந்த சருகை யாரையும் அள்ள விடவில்லை. தீ பரவாமலிருக்க வருஷா வருஷம் கரட்டைச் சுற்றிப் புல்லைச் செதுக்க வைத்தேன். குருவி தின்று போட்ட கொட்டையிலிருந்து நான் வைக்காத மரமும் முளைத்தது. அவன் மகளின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் ஒரு நாள் பாறையிடுக்கில் கை வைத்தேன். பாசி ஈரமாக இருந்தது. அடுத்த மழைக்கு ஊற்று வழிந்தது.

இப்போது என் மல்லி பழையபடி பூக்கிறது. அவன் கிணற்றிலும் தண்ணீர் ஏறிவிட்டது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தண்ணீருக்கு ஆள் தெரியாது, எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை தெருவில் எல்லா வீட்டுக்கும் பூ அனுப்புகிறேன், வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற அவன் வீட்டைத் தவிர. போன மாதம் வேலியோரம் வந்து நின்றான்.

"வயசாயிடுச்சு அண்ணி. இன்னுமா?"

"வாசம் வருதுல்ல, அத மோந்துக்கோ" என்றேன்.

அவன் கிணற்றில் தண்ணீர் ஏறியதையாவது பொறுத்திருப்பேன். இப்போது ஊர் இளவட்டங்கள், கரட்டில் காடு வளர்த்த பெரிய மனுஷன் என்று அவனைச் சொல்கிறார்களாம். அவனும் தலையை ஆட்டிக்கொள்கிறானாம். அதனால்தான் இதை எழுதச் சொன்னேன்.

"முடிஞ்சிதா ஆயா?" என்கிறாள் பேத்தி.

முடிந்தது. படிச்சிக் காட்டு கண்ணு. இங்க உக்காந்துக்கினு இல்ல. வேலியாண்ட போய் நின்னு, சத்தமாப் படி.