ஆறாவது கம்ப்யூட்டரும் அஞ்சலை அக்காவின் வஞ்சிரமும்

இன்று காலை ரிசார்ட்டின் பின்பக்க கேட்டில்...

எங்களுக்கு மீன் கொண்டுவரும் அஞ்சலை அக்கா ஐஸ் பெட்டியோடு வெயிலில் நின்றார். உள்ளே நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேருக்கும் வழி திறக்கவில்லை.

(அதிகம் பேசாதவள் நான் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். இன்று கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

மாமல்லபுரம் போகும் ரோட்டில் ஒரு ரிசார்ட். அதில் நான் ஸ்டோர்ஸ் அசிஸ்டென்ட். காய்கறி, மீன், பால், எது வந்தாலும் முதலில் சாஃப்ட்வேரில் என்ட்ரி போட வேண்டும். ஸ்லிப் பிரின்ட் ஆக வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் செக்யூரிட்டி அண்ணன் கேட்டைத் திறப்பார்.

எங்கள் வீட்டில் முதல் டிகிரி நான். "எம் பொண்ணு கம்ப்யூட்டர்ல உக்காந்து வேலை பாக்குது" என்று அப்பா சிங்கப்பெருமாள் கோயில் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார்.

(உட்காருவது உண்மைதான்.)

இன்று சாஃப்ட்வேரைத் திறந்ததும் வழக்கமான வரி வந்தது. லைசென்ஸ் காலி இல்லை!

சப்போர்ட்டுக்கு போன் செய்தேன். அந்தத் தம்பி பொறுமையாக விளக்கினார். சர்வரின் பின்னால் பென் டிரைவ் மாதிரி ஒன்று செருகியிருக்கிறதே, அதுதான் சாவி. ஒரே நேரத்தில் ஐந்து கம்ப்யூட்டரை மட்டும்தான் அது உள்ளே விடும். ஆறாவது வந்தால், யாராவது மூடும்வரை காத்திருக்க வேண்டும்.

"அது ஆளை எண்ணாது மேடம், மெஷினை எண்ணும். ஒரே ஆளு ரெண்டு மெஷின்ல தொறந்து வச்சா ரெண்டு கணக்கு. வேலை பாக்குறாங்களா, சும்மா வச்சிருக்காங்களான்னு அதுக்குத் தெரியாது."

யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று கேட்டேன். ரிசப்ஷன் ஒன்று, ரெஸ்டாரன்ட் ஒன்று, பர்ச்சேஸ் ஒன்று. மீதி இரண்டும் எங்கள் சீனியர் அக்கவுன்டன்ட் சாருடையவை. மேஜை மேல் ஒன்று, லேப்டாப்பில் ஒன்று.

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகக் கைக்குட்டை போட்டு சீட் பிடிப்போமே, அதுதான் அந்த லேப்டாப். (கைக்குட்டைக்காரராவது கடைசியில் ஏறி வந்து உட்காருவார்.)

இதற்குள் கேட்டிலிருந்து குரல் வந்துவிட்டது.

"இன்னா பாப்பா, இன்னும் சீட்டு வரலியா? ஐஸு கரைஞ்சிகினு கீது. ஏற்கனவே ஒருவாட்டி திருப்பி அனுப்சிட்டீங்க. இன்னொருவாட்டி ஆச்சுன்னா என் பேரையே தூக்கிடுவாங்களாமே?"

உண்மைதான். இரண்டாவது ரிஜெக்ட் விழுந்தால் சாஃப்ட்வேரே சப்ளையரின் பெயரைப் பூட்டிவிடும். குப்பத்தில் அவருக்கு இருக்கும் ஒரே நிரந்தர வாடிக்கை நாங்கள்தான்.

கையால் எழுதிக் கொடுக்கிறேன், உள்ளே விடுங்கள் என்று செக்யூரிட்டி அண்ணனிடம் கேட்டேன். போன முறை அப்படி விட்டதற்கு மெமோ வாங்கியவர் அவர். முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார்.

அக்கவுன்ட்ஸ் ரூம் வாசலில் போய் நின்றேன். உள்ளே போகவே கொஞ்ச நேரம் பிடித்தது எனக்கு.

"சார், லேப்டாப்ல இருக்கிறதை மட்டும் கொஞ்சம் க்ளோஸ் பண்ண முடியுமா? மீன் வந்திருக்கு."

அவர் நிமிரவில்லை. "நான் க்ளோஸ் பண்ணா வேற எவனாவது புடிச்சிக்குவான். அப்புறம் மீட்டிங்ல நான் என்னத்தைக் காட்டுறது? மீன்தானேம்மா, நிக்கட்டும்."

லேப்டாப் பக்கத்திலேயே இருந்தது. மூடி மேல் டிபன் பாக்ஸ். உள்ளே என் இடம்.

இன்னொரு முறை கேட்டிருக்கலாம். திரும்பி வந்துவிட்டேன்.

ரெஸ்டாரன்ட்டில் காலை பில்லிங் முடித்து மூடினார்கள். அந்த இடம் கிடைத்தது. ஓடிப்போய் என்ட்ரி போட்டு, ஸ்லிப் எடுத்து, கேட் திறந்து, பெட்டி கிச்சனுக்குள் போனபோது பெட்டி நிறையத் தண்ணீர்.

செஃப் விரலால் மீனை அழுத்தினார். பள்ளம் விழுந்தது விழுந்தபடியே இருந்தது. இதை கெஸ்ட்டுக்கு வைக்க முடியாது என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை.

அஞ்சலை அக்கா என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"நீ இன்னா பண்ணுவ பாப்பா" என்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரோட்டோரம் விற்கப் போய்விட்டார்.

ரிஜெக்ட் என்ட்ரியும் நான்தான் போட வேண்டும். காரணத்துக்கு மூன்று சாய்ஸ். தரம் சரியில்லை, எடை குறைவு, மற்றவை. 'மற்றவை'யைத் தொட்டேன். ரிமார்க்ஸில் இப்படி டைப் செய்தேன்: நல்ல மீன். அக்கவுன்ட்ஸ் லேப்டாப்பில் லைசென்ஸ் சும்மா இருந்ததால் கேட்டில் நின்று கெட்டது.

சேவ் செய்தேன். காரணம் எதுவானாலும் சாஃப்ட்வேருக்கு இது இரண்டாவது ரிஜெக்ட்தான். வேலை முடிந்ததும் மூடினேன். (ரெஸ்டாரன்ட்டை விட்டால் இங்கே மூடுகிற ஒரே ஆள் நான்தான்.) அந்த இடத்தை மதிய பில்லிங்குக்கு ரெஸ்டாரன்ட் எடுத்துக்கொண்டது.

சாயங்காலம் அக்கவுன்டன்ட் சார் என் மேஜைக்கே வந்தார். இதுவரை வந்ததே இல்லை!

"என்னம்மா இது, என் லேப்டாப்பை எல்லாம் எழுதி வச்சிருக்க? முதலாளி பார்த்தா என்ன ஆகும்? போட்டவங்கதான், போட்ட மெஷின்லதான் திருத்த முடியும். தரம் சரியில்லைன்னு மாத்திவிடு."

என் கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினேன். அதே வரி.

"லைசென்ஸ் காலி இல்ல சார். யாராவது ஒருத்தர் க்ளோஸ் பண்ணணும்."

இந்த முறை முழுசாகச் சொல்லிவிட்டேன்.

அந்த வரியைப் படித்தார். திரும்பித் தன் ரூமுக்குப் போய்விட்டார்.

இதை ஆபீஸ் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது எழுதுகிறேன். கிளம்பும் முன் ஒருமுறை திறந்து பார்த்தேன். அதே வரி. லேப்டாப்பில் திறந்து வைத்திருப்பதை அவர் மூடவில்லை. அதனால் என் ரிமார்க்ஸ் அப்படியே இருக்கிறது. அஞ்சலை அக்காவின் பெயர் மேல் விழுந்த பூட்டும் அப்படியே இருக்கிறது.

நாளைக் காலையில் அவர் பெட்டியோடு வருவார். தானே எடுத்துப் போனது ரிஜெக்ட்டில் சேராது என்று நினைத்திருப்பார்; பெயர் பூட்டிவிட்டது என்று அவருக்கு இன்னும் தெரியாது.

கேட்டில் நின்று அதைச் சொல்ல வேண்டியது நான்தான். எப்படிச் சொல்வது, நீங்களே சொல்லுங்கள்.