தனியாகச் சாப்பிட்டால் வரி

உலகத்தின் தென்கோடியில் இருக்கும் ஹோபார்ட் ஊரில் அதிகம் பேர் கண்ணீர் விடும் இடம் ஆஸ்பத்திரியும் இல்லை, கோர்ட்டும் இல்லை. மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தின் இரண்டாவது மாடியில் இருக்கும் க்ளெனிஸ் பர்ட்டனின் அறைதான்.

அங்கே சம்பளப் பிரிவு அவள் பொறுப்பு. வெளிநாட்டிலிருந்து ஆராய்ச்சி உதவித்தொகையில் வருகிறவர்கள் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே அவள் எதிரில் வந்து உட்காருவார்கள். கையில் நியமனக் கடிதம் இருக்கும். அதில் ஒரு கொழுத்த தொகை இருக்கும். அந்தத் தொகையை நம்பி ஒருவன் காதலியிடம் வீடு வாங்கலாம் என்று சொல்லிவிட்டு வந்திருப்பான். இன்னொருத்தி பழைய மேலதிகாரியை நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்திருப்பாள். க்ளெனிஸ் அந்தத் தொகையின் மேல் விரலை வைத்து, "இது வரி. இது ஓய்வுகாலச் சேமிப்பு, கண்ணால பாக்கலாம், தொடக் கூடாது. மிச்சம் இருக்கறது உனக்கு" என்பாள். மிச்சத்தைப் பார்த்ததும் அழுகை வரும். காகிதக் கைக்குட்டைப் பெட்டியை அவள் முன்கூட்டியே தள்ளி வைத்திருப்பாள்.

வயது ஐம்பத்தேழு. கட்டைக் குரல், பெரிய சிரிப்பு. கணவர்கள் இரண்டு பேர், இருவரும் சௌக்கியமாகத்தான் இருக்கிறார்கள், வேறு வேறு வீடுகளில். வருகிறவர் நோபல் பரிசுக்காரராக இருந்தாலும் அவளுக்கு எல்லோரும் "கண்ணு"தான்.

அழுது முடித்தவர்களுக்கு அவள் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு ஆறுதலை எடுத்துக் காட்டுவாள். சாப்பாட்டுக் கார்டு. யெல்லெ ஹூக்ஸ்த்ரா வந்தபோதும் அப்படித்தான் காட்டினாள்.

யெல்லெ நெதர்லாந்துக்காரன். கதவு நிலையில் தலையை இடித்துக்கொள்ளும் உயரம். வயதானவர்களின் குறட்டையை ஆராய்ச்சி செய்ய இரண்டு வருட உதவித்தொகையில் வந்திருந்தான். அவன் அழவில்லை. வரித் தொகையை வெறித்துப் பார்த்தபடி மூச்சு விடுவதை நிறுத்தியிருந்தான்.

"மூச்சு விடு கண்ணு. இத பாரு. உன் சம்பளத்துல கொஞ்சத்த வரிக்கு முன்னாடியே எடுத்து இந்தக் கார்டுல போட்டுருவோம். ஓட்டல்ல சாப்பிட்டுட்டு இதுல குடு. அந்தக் காசுக்கு வரியே கிடையாது."

"வரியே கிடையாதா?"

"கிடையாது. ஆனா..."

"அதிகபட்சம் எவ்வளவு போடலாமோ அவ்வளவும் போடுங்க."

அந்த 'ஆனா'வுக்குப் பிறகு அவள் சொன்ன எதுவும் அவன் காதில் ஏறவில்லை. வீட்டிலிருந்து ரொட்டியும் சீஸும் கொண்டுவந்து, மேசையிலேயே தனியாகத் தின்றுவிட்டு, உதிர்ந்த துணுக்குகளைக் கூட விரலில் ஒற்றி வாயில் போட்டுக்கொள்கிற மனிதன் ஓட்டல் கார்டை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறான் என்று அவளும் யோசிக்கவில்லை.

மார்ச் பிறந்தபோது யோசிக்க வேண்டியதாயிற்று. கார்டுக்கு மார்ச்சோடு வருடம் முடிகிறது. அதற்குள் தின்று தீர்க்காத பணம் மறுபடி சம்பளத்தில் சேரும், வரியும் கூடவே வந்து சேரும். யெல்லெயின் கார்டில் ஏறக்குறைய முழுப் பணமும் அப்படியே கிடந்தது. ஒரே ஒரு செலவு, கப்பல்துறையில் மீனும் உருளைக்கிழங்கு வறுவலும். அவள் அவனைக் கூப்பிட்டு விட்டாள்.

"இது கணக்குல வராது கண்ணு. கார்டுல சாப்பிட்டா உட்கார்ந்து சாப்பிடணும். பொட்டலம் கூடாது."

"உட்கார்ந்துதான் சாப்பிட்டேன். பெஞ்சுல."

"அது மாநகராட்சி பெஞ்சு. ஓட்டல்ல உட்காரணும். அதோட கூட ஒரு ஆள் இருக்கணும். தனியா சாப்பிட்டா அது பசி. கூட ஆள் இருந்தாத்தான் விருந்து. விருந்துக்குத்தான் வரி இல்ல."

"கூட ஒரு கடற்புறா இருந்துச்சு. பாதிய அதுதான் தின்னுச்சு."

க்ளெனிஸ் சிரிக்கவில்லை. "உனக்கு இந்த ஊர்ல யாரத் தெரியும்?" என்று கேட்டாள்.

யெல்லெ விரல்விட்டு எண்ணத் தொடங்கி, முதல் விரலோடு நிறுத்தினான். "உங்களத் தெரியும்," என்றான்.

ஏழு மாதமாக இந்த நெட்டை மனிதன் அவளையும் குறட்டைக்காரர்களையும் தவிர யாரோடும் பேசாமல் இருந்திருக்கிறான் என்று க்ளெனிஸுக்கு அப்போதுதான் உறைத்தது. குறட்டைக்காரர்களோடு பேசவும் முடியாது.

இதையெல்லாம் எதிர் அறைக்காரன் நெவில் கதவோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தான். கணக்குப் பிரிவு. அந்த மாடிக்கு ஹீட்டர் சூட்டை எவ்வளவு வைப்பது என்று க்ளெனிஸோடு இருபது வருடமாகச் சண்டை போடுகிறவன்.

"அவன் சாப்பிட மாட்டான் க்ளென். அந்தக் காசு நேரா வரிக்காரன் வயித்துக்குத்தான்."

"ஒரு சென்ட் போகாது. நான் பாத்துக்கறேன்."

"போச்சுன்னா?"

"போச்சுன்னா ஜூன்ல நான் ஆத்துல குதிக்கறேன்யா! போகலன்னா வாசல்ல உன் கார் நிறுத்தற இடம் எனக்கு."

வாய் தவறி வந்துவிட்டது. ஜூன் அங்கே நடுக் குளிர்காலம். வருடத்தின் மிக நீண்ட இரவு முடியும் விடியலில், சாண்டி பே கரையில் ஊர்ச் சனம் திரண்டு, தலையில் ஒரு சிவப்புத் தொப்பி தவிர உடம்பில் ஒரு நூல் இல்லாமல் டெர்வெண்ட் ஆற்றில் குதிக்கும். க்ளெனிஸ் பிறந்ததிலிருந்து இந்த ஊர்தான், ஒரு முறை கூடக் குதித்ததில்லை. "வெட்கம் எல்லாம் இல்ல, குளிரும்" என்று சொல்லிச் சமாளிப்பாள். உண்மையில் வெட்கம்தான். நெவில் எல்லா மாடிக்கும் போய்ச் சொல்லிவிட்டான். சாயங்காலம் நிலையத்தின் இயக்குநரே படிக்கட்டில் நிறுத்தி, "நெசமாவா க்ளெனிஸ்?" என்று கேட்டார்.

மறுநாள் காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. 'என்னோடு ஓட்டலில் சாப்பிட வாருங்கள். உங்கள் பங்கை என்னிடம் ரொக்கமாகக் கொடுத்தால் பத்து சதவீதம் தள்ளுபடி. யெல்லெ, மூன்றாம் மாடி.' சிலி நாட்டுக்காரி, கொரியாக்காரன், போலந்துக் கணவன் மனைவி என்று உதவித்தொகைக் கூட்டம் முழுக்க முன்பணத்தோடு வரிசையில் நின்றது. யெல்லெயின் சட்டைப் பை புடைத்திருந்தது. மனிதன் வாழ்க்கையில் முதல் முறையாகச் சீட்டியடித்துக்கொண்டு நடந்தான்.

க்ளெனிஸ் அறிவிப்பைச் சுவரிலிருந்து பிய்த்துக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறினாள்.

"என்ன கண்ணு இது?"

"நியாயம். அவங்க தின்னப் போறதுக்கு அவங்க காசு. என் கார்டும் காலியாகுது. எல்லாருக்கும் லாபம்."

"காசு திரும்பி வந்தா அது விருந்து இல்லடா, வரி ஏமாத்து! வரி ஆபீஸ்ல மோப்பம் புடிச்சா உன் கார்டு மட்டுமில்ல, இங்க தரை துடைக்கறவங்க கார்டு வரைக்கும் எல்லாம் போயிரும். யார்கிட்டயும் காசு வாங்கக் கூடாது. வாங்கினத இப்பவே திருப்பிக் குடு."

"அப்ப சாப்பிட்டவங்க எனக்கு என்னதான் தருவாங்க?"

"நன்றி சொல்லுவாங்க."

"நன்றி," என்று யெல்லெ ஒரு முறை சொல்லிப் பார்த்தான். செல்லாத நாணயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவன் முகம் போல இருந்தது அவன் முகம்.

முதல் விருந்து சாவு வீடு மாதிரி நடந்தது. எதிரில் உட்கார்ந்த சிலி நாட்டுக்காரி இறாலை வாய்க்குக் கொண்டுபோகும்போதெல்லாம் யெல்லெயின் கண் கூடவே போய், அவள் விழுங்கும்போது இவன் தொண்டையும் ஏறி இறங்கியது. அவள் பயந்து பாதியில் முள்கரண்டியை வைத்துவிட்டாள். மேசைக்கடியில் க்ளெனிஸ் அவன் காலை ஓங்கி மிதித்தாள். பந்தயத்தின் பொருட்டு அவள் ஒரு விருந்து விடாமல் போக வேண்டியிருந்தது. கால்சட்டைப் பொத்தான் அப்போதே முனக ஆரம்பித்திருந்தது.

இரண்டாவது விருந்திலும் அவன் பேசவில்லை. மூன்றாவதில் கொரியாக்காரன் சும்மா, "குறட்டையில என்னங்க ஆராய்ச்சி?" என்று கேட்டு வைத்தான். யெல்லெ விளக்கம் சொல்லத் தொடங்கி, சொல்லி மாளாமல், விட்டே காட்டினான். ஓய்வு பெற்ற நீதிபதியின் குறட்டை ஒன்று. ஆட்டுப் பண்ணைக்காரரின் குறட்டை ஒன்று. பிறகு புருஷனும் பொண்டாட்டியும் போட்டி போட்டு விடும் குறட்டை, இரண்டு குரலிலும். பக்கத்து மேசைக்காரர்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்கள். பரிமாறும் பெண் சூப்புத் தட்டோடு நின்றுவிட்டாள். போலந்துக்காரிக்குச் சிரித்துச் சிரித்து மூக்கு வழியாக ஒயின் வந்தது.

அதற்கப்புறம் ஆள் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. "யெல்லெ, இன்னைக்கு எங்க?" என்று படிக்கட்டில் மறித்துக் கேட்டார்கள். அவன் இறாலை எண்ணுவதை நிறுத்தினான். "இன்னும் கொஞ்சம் வெச்சுக்குங்க, இது நல்லா இருக்கு" என்று ஒரு நாள் அவன் வாயாலேயே சொன்னதைக் கேட்டு க்ளெனிஸுக்குப் புரையேறியது. வேவு பார்க்கிறேன் என்று நெவில் கூட ஒரு நாள் வந்தான். வேவுக்காரன் இருபத்துநாலு சிப்பி தின்றான். எலுமிச்சைப் பழம் வேறு தனியாகக் கேட்டு வாங்கினான்.

கடைசி விருந்து ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை. அந்த வருடம் ஈஸ்டர் ஞாயிறே மார்ச் மாதக் கடைசித் தேதி. பில் வந்தபோது கார்டில் கொஞ்சம் மிச்சம் இருந்ததால் இரண்டு புட்டிங் கூடுதலாக வரவழைத்து, கார்டைச் சுத்தமாகத் துடைத்தார்கள். க்ளெனிஸ் நாற்காலியில் ஏறி நின்று, "நெவ், வாசல்ல இருக்கற கார் இடம் எனக்குடா!" என்று அங்கே இல்லாத நெவிலைப் பார்த்துக் கத்தினாள். யெல்லெ ஆட்டுப் பண்ணைக்காரர் குறட்டையில் வாழ்த்து சொன்னான்.

புதன்கிழமை வேலைக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சனிக்கிழமை கட்டிய பணம் ஏப்ரல் இரண்டாம் தேதி செலவாகப் பதிவாகியிருந்தது. ஈஸ்டர் விடுமுறையில் வங்கி தூங்கும், பணம் விழுவது பிறகுதான். "ஈஸ்டருக்கு முன்னாடியே தின்னு முடிங்க" என்று வருகிற ஒவ்வொருவரிடமும் வருடா வருடம் தொண்டை கிழியச் சொல்கிறவளே அவள்தான். தானே மறந்துவிட்டாள். எப்படி மறந்தாள் என்றால், சந்தோஷமாக இருந்தாள். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

அந்தத் தேதியைச் சம்பளக் கணக்கில் அவள்தான் ஏற்ற வேண்டும். இரண்டு நாள் முன்தேதி போட்டு மார்ச்சில் சேர்த்துவிட்டால் கேட்க நாதி கிடையாது. விரல் விசைமேல் கொஞ்ச நேரம் நின்றது. பத்து சதவீதத் தள்ளுபடிக்கு அந்தப் பையனைப் போட்டுக் கிழித்த கிழி நினைவுக்கு வந்தது. ஒரு கெட்ட வார்த்தையைச் சொல்லிவிட்டுச் சரியான தேதியையே போட்டாள்.

யெல்லெயை அழைத்து அவளே சொன்னாள். "உன் காசுல நூத்துச் சொச்சம் டாலர் வரிக்குப் போகுது கண்ணு. தப்பு என்னோடது. நீ என்ன வேணா திட்டு."

அவன் திட்டவில்லை. காகிதக் கைக்குட்டைப் பெட்டியை எடுத்து அவள் பக்கம் தள்ளினான். நேராக நெவில் அறைக்குப் போனான்.

"ஐம்பது டாலர் தர்றேன். பந்தயத்த விட்டுருங்க."

யெல்லெ வாயிலிருந்து வந்த ஐம்பது டாலர் என்ன விலை என்று நெவிலுக்குத் தெரியாது. "ஐந்நூறு குடுத்தாலும் விட மாட்டேன்," என்று தொடையைத் தட்டிச் சிரித்தான்.

ஜூன் வந்தது. மலை உச்சியில் பனி. விடிந்தும் விடியாத சாண்டி பே கரையில் க்ளெனிஸ் தடித்த குளியலங்கியைக் கழுத்து வரை இறுக்கிக்கொண்டு, ஓடிவிடலாமா என்று நின்றாள். வயிறு, தொடை, இரண்டு கல்யாணம், ஐம்பத்தேழு வருடம், அத்தனையையும் ஊர் பார்க்கப் போகிறது. நினைத்தாலே அழுகை வந்தது.

கூட்டத்தின் தலைகளுக்கு மேலே ஒரு தலை தெரிந்தது, சிவப்புத் தொப்பியோடு. அதன் பின்னால் இன்னும் சிவப்புத் தொப்பிகள். சிலி நாட்டுக்காரி, கொரியாக்காரன், போலந்துத் தம்பதி, பின்னாலேயே இன்னும் பத்துப் பேர். எல்லோரும் துண்டுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

"யெல்லெ! என்ன கண்ணு இதெல்லாம்?"

"என் கார்டுல சாப்பிட்டவங்க. எல்லாரும் உங்க கூடக் குதிக்கணும்னு சொல்லிட்டேன்."

"யார்கிட்டயும் எதுவும் வாங்காதன்னு சொன்னேனே!"

"காசு வாங்கக் கூடாதுன்னுதான் சொன்னீங்க."

நெவில் கொஞ்சம் தள்ளி, கம்பளிக் கோட்டும் காதுக்குல்லாவுமாக, பிளாஸ்கில் காபியோடு வேடிக்கை பார்க்கச் சௌகரியமாக நின்றிருந்தான். யெல்லெ நேரே அவனிடம் போனான்.

"இருபத்துநாலு சிப்பி, நெவ்."

"என்னது?"

"எலுமிச்சை தனி."

எல்லோரும் திரும்பி நெவிலைப் பார்த்தார்கள். இயக்குநரும் பார்த்தார். நெவில் பிளாஸ்கைப் பார்த்தான், ஆற்றைப் பார்த்தான். யாரோ ஒரு சிவப்புத் தொப்பியை அவன் குல்லாவின் மேலேயே கவிழ்த்தார்கள். அவன் முனகிக்கொண்டே கோட்டுப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்ததைப் பார்த்த பிறகு க்ளெனிஸுக்கு வெட்கம் எங்கே போனதென்றே தெரியவில்லை. அங்கியை உதறினாள். "வாடா நெவ்!" என்று கத்திக்கொண்டு முதல் ஆளாக ஓடினாள்.

தண்ணீர் கத்தியாய்க் கீறியது. அக்கரை வரை கேட்கும்படி அலறினாள், அலறிக்கொண்டே சிரித்தாள். பக்கத்தில் நெவில் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். கொரியாக்காரன் போலந்துக்காரியின் தோளைப் பிடித்துக்கொண்டு குதித்துக் குதித்து நின்றான். யெல்லெ மார்பளவுத் தண்ணீரில் நீலம் பாரித்த உதடோடு அவளிடம் நீந்தி வந்தான்.

"க்ளெனிஸ், கார்டுக்கு இப்ப புது வருஷம்தானே?"

"ஆமா. அதுக்கு இப்ப என்ன?"

"காலைச் சாப்பாடு கணக்குல வருமா?"

"வரும் கண்ணு. ஓட்டல்ல உட்கார்ந்து சாப்பிடணும். துணி போட்டுக்கணும். கூட ஒரு ஆளாவது வேணும்."

யெல்லெ தண்ணீரில் நின்றபடி சுற்றிலும் ஒரு முறை பார்த்தான். பிறகு தலைகளை எண்ணத் தொடங்கினான். நெவிலையும் சேர்த்துத்தான் எண்ணினான்.