யுவேச்சின் அக்காவின் மடக்கு சைக்கிள்

வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு, மடக்கு சைக்கிளின் நடுக் கீலில் பழைய பல் பிரஷ்ஷால் கிரீஸ் தடவுகிறாள் எங்கள் எதிர்வீட்டு அக்கா யுவேச்சின். வடகிழக்குச் சீனாவில் எங்கள் ஷென்யாங் நகரத்துக் குளிரில் கீலுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றால் போதும், உறைந்து இறுகிவிடும். மடங்காத சைக்கிளை எந்தக் கார்க்காரன் டிக்கியில் ஏற்றுவான்?

டார்ச்சை எடுத்துவிட்டுத் திட்டுகிறாள், சைக்கிளைத்தான்: "நெளியாம நில்லுடி சனியனே!"

பனிக்கட்டியில் வழுக்காமலிருக்க டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்குவாள். பழைய பஞ்சுக் கோட்டின் கைகளை வெட்டி ஹேண்டில்பாருக்கு உறை தைப்பாள். டிக்கியில் விரிக்கும் சாக்கை, பனி உருகத் தெருவில் தூவும் உப்பின் கறை போகத் துவைப்பாள். பதினோரு குளிர்காலம் இதெல்லாம் தன் புருஷன் பாவ்லின் அண்ணனுக்காகச் செய்தாள். குடித்தவர்களை அவர்கள் காரிலேயே ஓட்டிப்போய் வீடு சேர்த்துவிட்டு, டிக்கியிலிருந்து சைக்கிளை இறக்கி மிதித்துத் திரும்புவது அவர் பிழைப்பு.

வசந்தத்தில் பக்கவாதம் வந்து அவருடைய வலது பக்கம் விழுந்துவிட்டது. "முதல் பனி விழட்டும், நான் வண்டிய எடுத்துட்டு வேலைக்குக் கிளம்பிருவேன்" என்று குழறலாகச் சொல்லிக்கொண்டே ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார்.

பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள் அக்கா. இப்போது அவர் வேலைக்கு அவள்தான் போகிறாள். "நீ எந்திரிக்கிற வரைக்கும்தான்யா" என்று சொல்லிவிட்டுப் போவாள். அவர் நெட்டை, இவள் குட்டை. சீட் கம்பியில் அவர் உயரத்துக்குத் தன் நகப்பூச்சால் அவளே என்றோ போட்ட சிவப்புக் கோடு இருக்கிறது. தெருவுக்கு வந்ததும் சீட்டை இறக்குவாள். திரும்பி மாடியேறுமுன் மறுபடி கோடு வரைக்கும் ஏற்றுவாள். இந்தக் குளிரில் சீட்டை இறுக்கும் இரும்புப் பிடி விரலைக் கடிக்கும்.

"போக ஒரு தடவை, வர ஒரு தடவை, இதென்னக்கா கூத்து?" என்று ஒருநாள் கத்தியே விட்டேன்.

"இறக்கினபடியே கொண்டுபோய் நிறுத்தினா, நீ இனிமே ஏறப்போறதில்லன்னு அவர் மூஞ்சில அடிச்ச மாதிரி ஆயிரும்டி."

நேற்று மத்தியானம் முதல் பனி விழுந்தது. மாடியில் வீட்டு வாசலில் அக்கா கைப்பிடிக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தாள். ஜன்னலில் பனி விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பி அவளைக் கூப்பிட்டார்.

"ஏய் குள்ளச்சி, வண்டியக் கிட்ட கொண்டா."

"எதுக்குய்யா?"

"கொண்டான்னா கொண்டா."

உருட்டிப் போய் நிறுத்தினாள். இடது கையால் பிடியைத் தளர்த்தி, சீட்டின் மேல் உடம்பின் பாரத்தையெல்லாம் வைத்து அழுத்தினார். அவள் இடுப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இன்னும் ஒரு விரற்கடை இறக்கினார். சிவப்புக் கோடு குழாய்க்குள் போய் மறைந்தது. பிடியை இறுக்கி, சீட் ஆடுகிறதா என்று இரண்டு முறை அசைத்துப் பார்த்தார்.