இருபத்திரண்டு ரூபாய்க்குப் பிடியரிசி

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்பது இன்றைக்கும் குழப்பம்தான். காலையில் மாத்திரை போட்டேனா இல்லையா என்று மத்தியானம் யோசிக்கிறவள், ஐம்பது வருஷத்துக்கு முந்தின சங்கதியை எழுத உட்கார்ந்திருக்கிறேன். முன்னே பின்னே மாறி வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நாங்கள் ஆம்பூர்ப் பக்கம், டேனரிகளுக்குப் பின்னால் இருந்த ஒரு தெருவில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்குத் தோல் ஊறவைக்கிற சுண்ணாம்புக் குழியில் வேலை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர், மாமியார், இரண்டு பெண் பிள்ளைகள். அந்த வருஷம் சரக்கு போகவில்லை என்று சொல்லி வாரத்துக்கு ஆறு நாள் இருந்த வேலையை மூன்று நாளாக்கினார்கள். சுண்ணாம்பில் வெடித்துக் கிடந்த அவர் கையும் காலும் மெதுவாக ஆற ஆரம்பித்தன. வேறு சமயமாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். அப்போது அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பயம்தான் வந்தது. கை ஆறினால் வேலை இல்லை என்று அர்த்தம்.

சனிக்கிழமை கூலி. சனிக்கிழமையே பாய் கடைக்குப் போய் சாமான் வாங்கிவிடுவோம். அதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் அரிசி, அடுத்து கேழ்வரகு, அப்புறம் உப்பு, மிளகாய், மண்ணெண்ணெய். அதற்குப் பின்னால் மாமியாருக்குப் புகையிலை, அவருக்குப் பீடி, பிறகு சோப்பு, தலைக்கு எண்ணெய், வெள்ளைத் துணிக்கு நீலம். கூலி பாதியானதும் இந்த வரிசை வால் பக்கமிருந்து அறுந்துகொண்டே வந்தது. நீலம் முதலில் போனது. தலை எண்ணெய் அடுத்த வாரம். சோப்பைக் கடையிலேயே நூல் போட்டு அறுத்து அரைக்கட்டியாக வாங்கினோம். ஞாயிற்றுக்கிழமைக் கறி எலும்பாக மாறி, பிறகு அதுவும் நின்றது. அவர் பீடியைத் தானாகவே குறைத்துக்கொண்டார். மாமியாரின் புகையிலை மட்டும் அசையவில்லை.

"இன்னாம்மா, எண்ணெ வேணாவா? உங்க வூட்ல யாருக்கும் தலை இல்லியா?" என்று பாய் ஒருநாள் கேட்டார். நான் குனிந்துகொண்டேன். யாராவது ஒரு கேள்வி கேட்டால் பதில் எனக்கு மறுநாள்தான் வரும். மாமியார்தான் சொன்னார், "தலை கீது பாய், அத்த அடமானம் வச்சிருக்கோம். நீ பொகலைய எடு."

எனக்கு மனசெல்லாம் பெரியவள் மேல்தான் இருந்தது. அவள் அப்போது ஐந்தாவது முடித்திருந்தாள். ஜூன் மாதம் ஆறாவதுக்கு ஹைஸ்கூலுக்குப் போக வேண்டும். அங்கே யூனிபாரம் இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். பாவாடை, சட்டை போதும், தாவணிக்கு இன்னும் வயசில்லை. துணியும் தையல் கூலியும் நோட்டுகளும் சேர்த்து நாற்பது ரூபாய்க்கு மேல் ஆகும். என் பித்தளைக் குடத்தை விற்று வந்த பணத்தில் வீட்டுச் செலவு போக இருபத்திரண்டு ரூபாயை ஒரு பவுடர் டப்பாவில் போட்டு வைத்திருந்தேன்.

"தீப்பெட்டி கம்பெனியில பொண்ணுங்கள எடுக்கறாங்களாம். ஒரு வருசம் போவட்டுமே, அப்பறம் பள்ளிக்கூடம் சேத்துக்கலாம்" என்றார் அவர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனால் நானும் ஐந்தாவதோடு நின்றவள்தானே. என்னை யாரும் நிற்கச் சொல்லவில்லை. ஒருநாள் போகவில்லை, மறுநாள் போகவில்லை, அவ்வளவுதான், நின்றுபோனது. ஒரு வருஷம் என்பது திரும்பி வராது என்று எனக்குத் தெரியும். அதை அவரிடம் எடுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போது பிடியரிசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் வேதக்காரர்கள். எங்கள் சபையில் ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைப்போம். அது ஆண்டவருக்கு. மாதக் கடைசி ஞாயிறு அதைப் பையில் கொண்டுபோய்க் கோயிலில் ஒரே சாக்கில் கொட்டுவோம். இருபது வீட்டு அரிசி. ஆராதனை முடிந்ததும் வெளியே வேப்பமரத்தடியில் சபையை நடத்துகிற உபதேசியார் அந்தச் சாக்கை ஏலம் விடுவார். பணம் கோயில் செலவுக்கு. கடவுள் காரியம் என்பதால் கடை விலைக்கு ரொம்பக் குறைத்து யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் கௌரவக் குறைச்சல். போட்டி போட்டு ஏற்றிவிடுவார்கள்.

எப்போதும் கடைசியில் எடுக்கிறவர் டேனரிக் கணக்கர். சபையிலேயே சைக்கிளும் ரேடியோவும் வைத்திருந்தவர். நாலு வகை அரிசி கலந்து கிடப்பதை யார் சமைப்பார்கள், கோழிக்குப் போடுகிறார் என்று பேச்சு. "கணக்கரு வூட்டுக் கோழியா பொறந்திருந்தா நாமளும் தெனம் அரிசி துன்னலாம்" என்று பெண்கள் பக்கத்தில் சிரிப்பார்கள்.

நானும் அந்த நாளில் கைப்பிடியை விரல்பிடியாக்கிவிட்டேன். மாமியார் பார்த்துவிட்டார். "சாமிக்கு சிட்டிக போடுறியே, அது இன்னா உப்பா?" என்றார். மறுபடி கை நிறையப் போட்டேன். போட்டுவிட்டு உலையைப் பார்த்தால் தண்ணீர்தான் தெரிந்தது.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. பணம் முடையாக இருக்கிற நேரம், ஏலத்தில் யாரும் ஏற்ற மாட்டார்கள். சாக்கை இருபத்திரண்டு ரூபாய்க்கு எடுத்துவிட்டால் மூன்று வாரத்துக்கு அரிசி வாங்க வேண்டாம். கடையில் அதே அரிசி நாற்பத்தைந்து ரூபாயாவது ஆகும். மூன்று வாரக் கூலியில் அரிசிக் காசு மிஞ்சும். பாவாடை தைத்துவிடலாம்.

அவரிடம் சொன்னேன்.

"சாமிக்குப் போட்ட அரிசிய எடுத்துத் துன்ற அளவுக்குப் போய்ட்டமா?"

"சும்மா இல்ல, துட்டு குடுத்துத்தான்."

"பாதி வெலைக்கு. நாலு பேரு எதுருல. நான் கேக்க மாட்டேன்மே. எனக்கு அந்த மொகம் இல்ல."

"நான் கேக்கறேன்" என்றேன். மாமியார் புகையிலையைத் துப்பிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீயா? பாய் கடையில பேரு கேட்டாலே முந்தானைய கடிப்ப."

அந்த ஞாயிறு பையோடு போனேன். கொட்டும்போது சாக்கைப் பார்த்தேன். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. டேனரியில் பாதி வேலை, தெருவில் எல்லா வீட்டிலும் இதே கதை. ஆனாலும் சாக்கு வழக்கமான அளவுக்கு நிறைந்திருந்தது. ஒரு விரல்கடை குறையவில்லை. என் சிட்டிகை ஞாபகம் வந்து தலையைக் குனிந்துகொண்டேன்.

வேப்பமரத்தடியில் உபதேசியார் சாக்கின் மேல் கை வைத்து, "யாராவது ஆரம்பிங்க" என்றார். காசு முடிந்திருந்த முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "இருபத்திரண்டு" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"யாரும்மா அது? சத்தமா."

"இருபத்திரண்டு ரூபா."

எல்லாரும் திரும்பினார்கள். கணக்கர் வாயைத் திறந்ததை நான் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். அவர் கை கூடக் கொஞ்சம் உயர்ந்தது. பிறகு அந்தக் கையால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைக்க ஆரம்பித்தார்.

"ஒரு தரம்" என்றார் உபதேசியார். சுற்றிலும் பார்த்தார். எப்போதும் போட்டி போடுகிற ஆண்கள் ஆறேழு பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் வேப்பமரத்தைப் பார்த்தார். ஒருவர் தரையில் காலால் கோடு போட்டார். "ரெண்டு தரம்." இருமல் கூட இல்லை. அத்தனை பேர் சேர்ந்து வாயை மூடி நான் அதுவரை பார்த்ததில்லை. பிரசங்கத்தில் கூட அப்படி இருக்க மாட்டார்கள். உபதேசியார் மூன்றாம் தரத்தை இழுக்கவே இல்லை. வழக்கமாக இழுஇழு என்று இழுப்பவர், சட்டென்று சொல்லி சாக்கைத் தட்டிவிட்டார்.

முடிச்சை அவிழ்த்துப் பணத்தை உபதேசியார் கையில் கொடுத்தேன். வீட்டுக்காரர் கோயில் மதிலுக்கு அந்தப் பக்கமே நின்றிருந்தார். கூப்பிட்டதும் வந்து சாக்கைத் தோளில் தூக்கிக்கொண்டார்.

மறுநாள் முறத்தில் போட்டுப் புடைத்தபோது அந்த அரிசியை ஒழுங்காகப் பார்த்தேன். பொன்னி தேடினால்கூடக் கிடைக்கவில்லை. பழுப்பேறிய ரேஷன் அரிசி, கறுப்புக் கல்லோடு. நொய். கொஞ்சம் பச்சரிசி, கொஞ்சம் புழுங்கல். இருபது வீட்டில் எங்களைவிட நல்ல அரிசி தின்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். ஒருவரும் இல்லை. கல் பொறுக்குவதை நிறுத்திவிட்டு முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இல்லாதவர்கள் போட்டு நிரப்பிய சாக்கு அது. அதை அரைவிலைக்கு எடுக்க எல்லாருக்கும்தான் ஆசை இருந்திருக்கும்.

அப்புறம் நான் செய்த தப்பு. எல்லாவற்றையும் ஒன்றாக உலையில் போட்டுவிட்டேன். பச்சரிசி கூழாகிவிட்டது, புழுங்கல் கல்லாக நின்றது. பிள்ளைகள் மென்று மென்று பார்த்தார்கள். மாமியார், "பல்லு இருக்கறவங்க கல்ல துன்னுங்க, நான் கூழ குடிக்கறேன்" என்றார். பாவாடைக் காசைப் போட்டு எடுத்த அரிசி. இப்படியே மூன்று வாரம் தின்ன முடியுமா? முடியாவிட்டால் மறுபடி கடை அரிசிதான். அப்போது அரிசியும் போச்சு, பாவாடையும் போச்சு.

அடுத்த நாள் தெருக்குழாயில் மண்குடத்தை வைத்திருந்தேன். கணக்கரின் மனைவி எனக்குப் பின்னால் வந்து நின்றார். அதிகம் பழக்கமில்லை, பெரிய வீடு என்று நான் ஒதுங்கிப் போவேன். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெல்லிய குரலில் கேட்டார்.

"சோறு கொழஞ்சுதா?"

நான் தலையாட்டினேன்.

"ஒண்ணா போடக்கூடாதும்மா. சின்னக் கண்ணு சல்லடையில நொய்ய தனியா எடுத்துடு. அது கஞ்சிக்கு. மீதிய ராத்திரியே ஊற வச்சுடு. காலையில பாத்தா பச்சரிசி வெள்ளையா பூத்திருக்கும், புழுங்கல் கண்ணாடி மாதிரி கெடக்கும். கையால தள்ளிப் பிரிக்கலாம். புழுங்கல மொதல்ல ஒலையில போடு. அர வேக்காடு வந்ததும் பச்சரிசிய போட்டு ரெண்டு கொதியில வடிச்சுடணும். ரேசன் நாத்தம் போவ வடிக்கசொல்ல ரெண்டு கல்லு உப்பு."

பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பிக்கிற மாதிரி தட்டுத் தடங்கல் இல்லாமல் சொன்னார். சொல்லி முடித்ததும் என் முகத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கோழிக்கு யாரும் இரண்டு கொதியில் வடிக்க மாட்டார்கள். அவர்கள் வீட்டில் கோழி இருந்ததாகவும் எனக்கு ஞாபகம் இல்லை. கோழியாகிலும் குஞ்சாகிலும் நான் கண்ணால் பார்த்ததில்லை.

குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் எடுக்கவில்லை.

"அப்ப உங்களுக்கு இந்த மாசம்..." என்று ஆரம்பித்தேன். எனக்கு அன்றைக்கே வாய் வந்தது அதுதான் முதல் தடவை.

அவர் சிரித்துவிட்டார். "எங்க வூட்டுக்காரு கோயில்லருந்து வந்ததும் அதத்தான் சொன்னாரு. இருபதுன்னு கேப்பாங்க, இருபத்தஞ்சுன்னு கேப்பாங்க. இருபத்திரண்டுன்னு யாருனா ஏலம் கேப்பாங்களா? முடிச்சுல இருந்தது மொத்தமும் அதான், அதுக்கு மேல எப்பிடி நான் வாய தொறக்கறதுன்னாரு." பிறகு குடத்தை என் இடுப்பில் தூக்கி வைத்துவிட்டு, "போ, போயி ஊற வை" என்றார்.

அவர் சொன்னபடியே பொங்கினேன். பூப்பூவாக வந்தது. வீட்டுக்காரர் இரண்டாம் தடவை சோறு கேட்டார். அது எந்த அரிசி என்று கேட்கவில்லை. மூன்று வாரம் பாய் கடையில் அரிசி வாங்கவில்லை. மூன்றாவது சனிக்கிழமை வேலூருக்குப் பஸ் ஏறி, லாங் பஜாரில் கட்பீஸ் துணி பார்த்து, விலை பேசத் தெரியாமல் பேசி, பாவாடைக்கும் சட்டைக்கும் எடுத்துக்கொண்டு வந்தேன். பள்ளிக்கூடம் திறந்து நாலு நாள் கழித்துத்தான் தைத்து வந்தது. ஆனாலும் போனாள். அதற்குப் பிறகு தீப்பெட்டிக் கம்பெனி பேச்சை அவர் எடுக்கவில்லை.

அடுத்த மாதக் கடைசி ஞாயிறும் அதே மாதிரி ஏலம் நடந்தது. நான் பெண்கள் கூட்டத்தில் பின்னால் நின்றேன். கணக்கர் முப்பது என்றார். யாரும் மேலே கேட்கவில்லை. "கோழிக்குக் கொண்டாட்டம்" என்று பக்கத்தில் ஒருத்தி சொன்னாள், எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்த மாதம் முழுக்க என் பங்கை நன்றாகக் கல் பொறுக்கி, நொய் நீக்கி, புழுங்கலை மட்டும் பானையில் போட்டு வைத்திருந்தேன். அது அவர்கள் உலைக்குத்தான் போகும் என்று எனக்குத் தெரியும். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

பிறகு டேனரியில் வேலை திரும்ப வந்தது. சோப்பு வந்தது, எண்ணெய் வந்தது, கடைசியாக நீலம் வந்தது. பெரியவள் படித்து, டீச்சர் வேலைக்குப் போய், இப்போது ரிட்டயர்டும் ஆகிவிட்டாள். இத்தனை பெரிய உலகத்தில் என்னென்னவோ பார்த்துவிட்டேன். இருந்தாலும் அந்த வேப்பமரத்தடியில் ஒருவரும் வாய் திறக்காமல் நின்ற அந்த நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் என் கையில் மயிர் எழும்பி நிற்கிறது.

படிக்கிறவர்களில் எங்கள் சபை ஆட்கள் யாராவது இருந்தால் ஒரு தடவை சரிபார்த்துச் சொல்ல வேண்டும். பாவாடை நீலம் என்பது என் ஞாபகம், பச்சை என்று மகள் அடித்துச் சொல்கிறாள். அது எப்படியோ போகட்டும். கணக்கரும் அவர் மனைவியும் இப்போது இல்லை, கேட்க முடியாது. அவர்கள் வீட்டில் அந்த வருஷம் கோழி இருந்ததா என்பதை மட்டும் தெரிந்தவர்கள் விசாரித்துச் சொல்லுங்கள். ஒரே ஒரு கோழி இருந்திருந்தாலும் நான் அவர்களைப் பற்றி எழுதியது தப்பு. அந்தப் பக்கத்தை அடித்துவிடுங்கள்.