எனக்கு மட்டும் சோறு

கேழ்வரகு மாவு கொதிநீரில் வேகும்போது ஒரு வாசனை வரும். புழுதியில் முதல் தூறல் விழுந்த மாதிரி, கொஞ்சம் தீய்ந்த மாதிரி... சூளகிரிப் பக்கம் என் மாமியார் வீட்டில் மதியம் என்றால் அந்த வாசனைதான்.

எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். ஓசூரில் கம்பெனி வேலைக்கு வந்த இடத்தில் அதே ஷிப்டில் செல்வி இருந்தாள். கல்யாணத்தை நாங்களே முடிவு செய்துகொண்டோம். மாமனார் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் கோபம் என்றைக்காவது ஆறியிருக்கும். மனுஷன் மரியாதை கொடுக்க ஆரம்பித்துவிட்டார்!

வீக்லி ஆஃப் அன்று போனால் எனக்கு நாற்காலி, செம்பில் தண்ணீர், வாழையிலை. மற்ற எல்லாருக்கும் தட்டில் களி. எனக்கு மட்டும் சோறு.

அந்தப் பக்கத்து வழக்கம் அது. வீட்டு ஆட்களுக்கு மதியம் களி, வந்தவர்களுக்குச் சோறு. முதலில் நானும் மாப்பிள்ளை முறுக்கோடு சாப்பிட்டேன். போகப் போகத்தான் உறைத்தது. ஒரு வருஷமாக ஒருவனை விருந்தாளியாகவே வைத்திருந்தால், இன்னும் வீட்டுக்குள் சேர்க்கவில்லை என்றுதானே அர்த்தம்?

கேட்டும் பார்த்தேன். "மாமா, எனக்கும் களியே போதும்."

அவர் செல்வியைப் பார்த்தார். "அவருக்கு அதெல்லாம் எறங்காதும்மா. சோறே போடு."

பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார். ஆனால் எனக்கான பேச்சு செல்வி வழியாகத்தான் வரும். எனக்குப் புரியக்கூடாத விஷயம் என்றால் அவரும் மாமியாரும் தெலுங்குக்குத் தாவிவிடுவார்கள். கம்பெனியில் எனக்குப் பக்கத்து மெஷின்காரன் தெலுங்கு பேசுகிறவன், பாதி எனக்குப் புரியும் என்பதை நானும் சொல்லிக்கொள்ளவில்லை.

எனக்கு வீம்பு வந்துவிட்டது. எப்படியாவது அந்தத் தட்டில் எனக்கும் ஒரு களி உருண்டை விழ வேண்டும். போகும்போதெல்லாம் சமையல்கட்டு வாசலில் சாய்ந்துகொண்டு மாமியார் கிளறுவதையே பார்ப்பேன். "பசிக்குதுங்களா?" என்று கேட்டு முறுக்கு எடுத்துக் கொடுப்பார், பாவம்.

அவரைக்காய் சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தோட்டத்தில் தக்காளி பறிப்பு. மாமனாரும் செல்வியும் ஆட்களோடு காலையிலேயே இறங்கிவிட்டார்கள். நானும் கிளம்பினேன். "அவரு உக்காரட்டும்" என்று மாமனார் சொல்லிவிட்டார். மாமியார் பிதுக்கம்பருப்புக் குழம்பு வைத்து இறக்கினார். ஊறவைத்த அவரைக்கொட்டையைத் தோல் பிதுக்கிச் செய்வது, அதன் மணத்துக்கே ஒரு உருண்டை உள்ளே போகும். அடுத்து களிப் பானையை அடுப்பில் ஏற்றினார். தண்ணீர் எடுக்கப் போனவர் தொட்டி ஓரம் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தார்.

மணிக்கட்டு வீங்கிவிட்டது. அடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. பறிப்பு ஆட்கள் சாப்பாட்டுக்கு வரும் நேரம்.

"குடுங்கத்தே, நான் கிண்டுதேன்."

"ஐயோ, வேணாங்க. இது உங்க ஊரு உளுந்தங்களி இல்ல. அவரு பாத்தாருன்னா என்னத்தான் பேசுவாரு."

நான் அதற்குள் மாவைக் கொட்டிவிட்டேன். கொட்டியதும் கிளறினால் கெட்டது கதை, கட்டி கட்டியாகிவிடும். மாவு குவியலாகவே கிடந்து வேக வேண்டும். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மாமியார் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

வெந்ததும் பானையை இறக்கினேன். பானை ஆடாமல் இருக்கக் கவைக்கோலை அதன் வாயில் கொடுத்து, இரண்டு முனையையும் காலால் மிதித்துக்கொண்டு, துடுப்பைப் போட்டேன் பாருங்கள்... இரும்பைத் திருப்புவது போல் இருந்தது. வியர்வை கண்ணில் இறங்கியது. கம்பெனியில் இரும்பு கேஸ்டிங் தூக்கிய தோள் அன்றைக்குத்தான் குடும்பத்துக்கு உதவியது. கையை நனைத்து உருட்டும்போது உள்ளங்கை வெந்தது. விடவில்லை.

ஆட்கள் வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். மாமனார் ஒரு வாய் கிள்ளி, குழம்பில் தோய்த்து விழுங்கினார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன், கேம்பஸ் இன்டர்வியூவில்கூட யாரையும் அப்படிப் பார்த்ததில்லை.

"கை வீங்கிருக்குதுன்ன, களி நல்லாத்தான வந்திருக்குது?" என்றார் மாமியாரிடம்.

"நான் எங்க கெளறுனேன்? அவருதான்."

மாமனார் கை தட்டிலேயே நின்றது. ஆட்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். செல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அவருக்குச் சோறு?"

"சோறாக்க எங்க நேரம்?"

மாமனாரே எழுந்து ஒரு தட்டை எடுத்து, பெரிய உருண்டையாகப் பார்த்து வைத்து, குழம்பு ஊற்றி என் முன்னால் நீட்டினார்.

"மெல்லக் கூடாது மாப்ள. முழுங்கணும். உக்காரு."

மாப்ள! உக்காரு! இரண்டும் எனக்கு நேராக!

நாற்காலியை ஒதுக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். முதல் வாய் தொண்டையில் நின்றது, கண்ணில் தண்ணீர் வந்தது. முழுங்கிவிட்டேன். அடுத்த உருண்டையும் கேட்டு வாங்கித் தின்றேன். அப்படி ஒரு சாப்பாடு நான் சாப்பிட்டதே இல்லை.

வருஷங்கள் ஓடிவிட்டன. தக்காளித் தோட்டத்துக்கு எதிரே இப்போது கம்பெனி காம்பவுண்ட். மாமனாருக்கு சுகர், பாதி உருண்டையோடு எழுந்துவிடுகிறார். அதைப் பார்த்தால் மனசுக்கு என்னவோ போலிருக்கும். ஓசூர் ஃபிளாட்டில் ஞாயிறு மதியம் களி கிளறுவது நான்தான், என் பிள்ளைகள் பீட்சா கேட்டு மூஞ்சியைத் தூக்கிக்கொண்டே விழுங்குகிறார்கள்.

போன மாதம் செல்வியின் தங்கையை பெங்களூரு மாப்பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்தோம். மறுவீட்டு விருந்து முடிந்து, அடுத்த வாரம் மாப்பிள்ளை மாமனார் வீட்டுக்குச் சும்மா வந்திருந்தார். நானும் போயிருந்தேன். அவருக்கு வாழையிலையில் சோறு, வடை, அப்பளம். எனக்குத் தட்டில் களியும் கீரையும். அவருக்கு என்னைப் பார்த்துப் பரிதாபம் வந்துவிட்டது.

"என்ன சகலை, உங்களுக்குச் சோறு வைக்கலயா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமனார் முந்திக்கொண்டார்.

"நீங்க சாப்புடுங்க மாப்பிள்ளை. அவன் எங்கூட்டு ஆளு."