ஜன்னலின் கல்சிலுவை

இடுப்பெலும்பு முறிந்தவரை நாற்காலியில் உட்காரவைத்துச் சுழல்படியில் இறக்கக் கூடாது. இதைத் தெரிந்துகொள்ள மருத்துவம் படிக்க வேண்டியதில்லை. மதாம் ஹெர்மினுக்கும் தெரியும். காலை எட்டு மணிக்கு, மூன்றாம் மாடியில், கட்டிலுக்கும் கணப்புக்கும் நடுவே விழுந்து கிடந்தவள் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தாள். வலியைவிடப் படிக்கட்டு பயமுறுத்தியது. நாற்பத்திரண்டு படிகள். அறுநூறு வருடக் கால்கள் மிதித்து ஒவ்வொன்றும் கிண்ணம்போல் குழிந்தவை.

ஒன்பது மணிக்கு, வீட்டு உதவிக்கு வரும் சொலான்ஜ் வந்தாள். ஹெர்மினின் வலது பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. கால் இரண்டு விரற்கடை குட்டையாகியிருந்தது. பார்த்ததும் புரிந்துவிட்டது.

"அசையாதீங்க மதாம். தும்மல் வந்தாக்கூட அடக்கிக்குங்க."

இரண்டு பக்கமும் தலையணையை அண்டக் கொடுத்துவிட்டுத் தீயணைப்புப் படையைக் கூப்பிட்டாள்.

ஏணி வண்டி கோட்டை வாசலோடு நின்றுவிட்டது. மோன்தோரே பழைய கோட்டை ஊர்; அதன் வாசல் வளைவு மாட்டு வண்டிக்காகக் கட்டியது. நான்கு பேர் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தார்கள். படிக்கட்டின் முதல் திருப்பத்திலேயே அது சுவரில் முட்டிக்கொண்டது.

"ஜன்னல்தான் வழி," என்றார் அவர்களின் தலைவர்.

இந்த ஊரில் அலமாரியும் பியானோவும் ஜன்னல் வழியாகத்தான் ஏறி இறங்கும். ஆனால் ஹெர்மினின் ஜன்னலில் ஒரு நிமிர்ந்த கல்லும் ஒரு குறுக்குக்கல்லும் சேர்ந்து சிலுவையாக நின்றன. மிச்சமிருந்த நான்கு கட்டங்களில் ஒரு பூனை போகலாம்.

அந்தச் சிலுவையை வைக்கச் சொன்னவள் அவள்தான். ஊர்ப் பாரம்பரியச் சங்கத்துக்கு இருபத்திரண்டு வருடம் செயலாளர். கறிக்கடைக்காரரின் சிவப்புப் படுதாவை இறக்க வைத்தாள். தேவாலயப் படியின் இரும்புக் கைப்பிடி பழைய தோற்றத்தைக் கெடுக்கிறதென்று பிடுங்க வைத்தாள். அந்தக் குளிர்காலத்தில் அங்கே இரண்டு கிழவர்கள் வழுக்கி விழுந்தார்கள். எதிர்வீட்டுக் கொத்தனார் ஃபெர்னான், நடக்க முடியாத தன் தாயை ஞாயிறுதோறும் கப்பியில் இறக்கி வெயிலில் உட்கார வைப்பதற்காகத் தன் ஜன்னலின் நடுக்கல்லை எடுத்திருந்தான். அதைப் படமெடுத்து நினைவுச்சின்ன அதிகாரிக்கு அனுப்பினாள். உத்தரவு வந்தது, கல் பழைய இடத்துக்கே திரும்பியது. தாய் மூன்று வருடம் மேலேயே கிடந்தாள். கீழே வந்தபோது போர்வையில் சுற்றி, நிமிர்த்திப் பிடித்துக் கொண்டுவந்தார்கள். சவப்பெட்டி அந்தப் படியில் திரும்பாது.

இப்போது ஃபெர்னானின் சாரம் ஹெர்மினின் வீட்டு முன்சுவரில்தான் நின்றது. சுண்ணாம்பு வேலைக்கு அவளே கூப்பிட்டிருந்தாள். சாரத்தில் கப்பியும் இருந்தது.

கல்லுக்கு அந்தப் பக்கம் அவன் முகம் தெரிந்தது.

"இந்தக் கல்லை எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார் தலைவர்.

"இருபது நிமிஷம். நான் வச்ச கல்லுதானே. ஆனா வீட்டுக்காரங்க சொல்லணும்."

ஹெர்மினுக்கு மூச்சு வந்தது. "எடு ஃபெர்னான்."

"கேக்கல மதாம்."

"எடுத்துடு!"

"கீழ இருக்கிறவங்களுக்கும் கேக்கட்டும். சங்கத்து ஆளுங்க நிக்கறாங்க, கறிக்கடைக்காரர் நிக்கறாரு."

விலா விரிய மூச்சிழுத்து அவள் கத்தினாள். "உடைச்சுடு! அந்தக் கல்லை உடைச்சுடு!"

தெருவில் யாரோ கைதட்டினார்கள். "இன்னொரு வாட்டி!" என்றது கறிக்கடைக்காரரின் குரல்.

ஃபெர்னான் சுத்தியலை இடுப்பில் செருகிக்கொண்டான். "நல்லது. நகராட்சியில மனு குடுத்துடுங்க. ஃபோட்டோ மூணு காப்பி. நினைவுச்சின்ன அதிகாரி பதில் போட ரெண்டு மாசம் ஆகும். நீங்க சொல்லிக் குடுத்ததுதானே?"

"வலிக்குது ஃபெர்னான்."

"அம்மாவுக்கு வலியெல்லாம் இல்ல மதாம். வெயில் மட்டும்தான் கேட்டாங்க."

"நீயெல்லாம் மனுஷனாய்யா?" என்று சொலான்ஜ் கத்தினாள்.

"இல்லம்மா. பதினஞ்சாம் நூற்றாண்டுக் கல்லு."

கப்பியிலிருந்து கயிற்றை உருவித் தோளில் சுற்றிக்கொண்டு அவன் இறங்கிப் போனான். தலைவர் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார். கல்லை அவரே உடைத்தாலும், அவர்களுடைய தடித்த கயிறு அந்தச் சின்னக் கப்பியில் ஓடாது; இறக்க வழியில்லை. பெரிய ஊரிலிருந்து வேறு கருவி வர இரண்டு மணி நேரமாகும். கால் ஏற்கெனவே நீலம் பாரித்துக்கொண்டிருந்தது. வலிக்கு ஊசி போட்டு, நாற்காலியில் உட்கார வைத்து, மார்பிலும் தொடையிலும் வாரால் கட்டினார்கள்.

ஹெர்மின் படிகளை எண்ணினாள். பன்னிரண்டாவதில் நாற்காலியைச் சாய்க்க வேண்டியிருந்தது. உள்ளே ஏதோ நகர்ந்தது. பத்தொன்பதுக்கு மேல் எண்ணவில்லை, கத்தினாள். சுற்றுலாக் கூட்டமொன்று தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. இந்த ஜன்னலைக் காப்பாற்றியவர் ஒரு பெண்மணி என்று வழிகாட்டி சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஃபெர்னான் வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"தலையைக் குனிஞ்சுக்குங்க மதாம். நிலைக்கல் தாழ்வு. அதையும் இடிக்க விடலியே நீங்க."

மருத்துவமனையில் கம்பி வைத்தார்கள். கால் நடைக்கு வரவில்லை. படியேற முடியாதவளுக்கு மூன்றாம் மாடி எதற்கு? நெடுஞ்சாலை ஓரத்து முதியோர் இல்லத்தில் இடம் கிடைத்தது. சொலான்ஜ் மாதம் ஒருமுறை போவாள். நகம் வெட்டிவிடுவாள். புண் வந்திருக்கிறதா என்று முதுகைப் பார்ப்பாள். ஊர்ச் செய்தி எதையும் சொல்ல மாட்டாள்; அவளும் கேட்பதில்லை.

ஹெர்மினின் அறை ஜன்னல் அலுமினியச் சட்டத்தில் ஒரே கண்ணாடி. நடுவில் எதுவும் இல்லை. ஒரு கட்டிலையே அதன் வழியாக வெளியே இறக்கலாம். அறை தரைத்தளத்தில் இருக்கிறது.