சத்தமாகச் சொன்ன ஜெபம்

இடஒதுக்கீடு கேட்டுச் சாலைகளில் மரங்களை வெட்டிப் போட்ட வருஷம் அது. என் மூத்த மகள் கல்வராயன் மலையில் ஒரு சின்ன மருத்துவமனையில் நர்ஸாக வேலைக்குச் சேர்ந்திருந்தாள். எங்கள் வீடு கள்ளக்குறிச்சியில். நான் பள்ளிக்கூட வாத்தியார். ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிப்பேன். வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் நடக்கும். “வாத்தியார் ஜெபம் பண்ணா கல்லும் கரையும்” என்று சபையில் சொல்வார்கள். அதைக் கேட்க எனக்குப் பிடித்திருந்தது.

வீட்டிலும் அப்படித்தான். குடும்ப ஜெபத்தில் பிள்ளைகளின் குறைகளையெல்லாம் அவர்கள் காதுபடவே ஆண்டவரிடம் சொல்வேன். “கணக்கில் கவனமில்லாத இந்தப் பிள்ளைக்கு ஞானத்தைத் தாரும். எதிர்த்துப் பேசுகிற அந்த நாவை அடக்கியருளும்.” ஒருமுறை என் மனைவி சொன்னாள்: “திட்டணும்னா கண்ணத் தொறந்து திட்டுங்க. ஆண்டவர எதுக்கு நடுவுல இழுக்கறீங்க?” நான் சிரித்துவிட்டேன்.

மகள் லீவில் வந்திருந்தாள். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போய்விட்டு இருவரும் நடந்து வந்துகொண்டிருந்தோம். திடீரென்று, “அப்பா, ஒண்ணு சொல்லட்டுமா? யார்கிட்டயும் சொல்லக் கூடாது” என்றாள்.

மலையில் ஒரு குழந்தை காய்ச்சலில் வந்திருக்கிறது. தாய் வெறும் சாமைக் கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். என் மகள் மருந்து கொடுத்துவிட்டு, கட்டிலோரம் முழங்காலில் நின்று ஜெபித்திருக்கிறாள். குழந்தை செத்துவிட்டது.

“அதுக்கப்புறம் முட்டி போட்டா வாய் வரலப்பா. எனக்கு நம்பிக்கை இருக்குதா இல்லியான்னே தெரியல.”

“சரியாப் போயிடும்மா” என்றேன். உள்ளுக்குள் பயந்துபோயிருந்தேன். அவளுக்காகத்தான் பயந்தேன் என்று வெகுநாள் எண்ணிக்கொண்டிருந்தேன். வாத்தியார் மகளே விசுவாசத்தில் பின்வாங்கிப்போனாள் என்று நாலு பேர் பேசுவார்களே என்ற பயமும் அதில் கலந்திருந்தது.

மறுநாள் ஜெபக்கூட்டம். கூடம் நிறைந்திருந்தது. மகள் சமையலறை வாசற்படியில் டீ டம்ளர்களோடு உட்கார்ந்திருந்தாள். பாட்டு முடிந்து ஜெபிக்க எழுந்தேன். வழக்கம்போல நாட்டுக்காக, மழைக்காக, சபைக்காக ஜெபித்தேன். பிறகு என் குரல் தானாகவே இறங்கியது. “ஆண்டவரே, என் மகள் விசுவாசத்தில் தளர்ந்துபோனாள். ஜெபிக்க முடியாமல் தவிக்கிறாள். ஒரு குழந்தையின் மரணத்தால் உம்மையே சந்தேகிக்கிறாள்…” யாரோ விசும்பினார்கள். “ஆமென், ஆமென்” என்று கூடம் அதிர்ந்தது. நல்ல ஜெபம் என்றே அப்போதும் நினைத்தேன்.

கண்ணைத் திறந்தபோது பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி தலையில் கை வைத்து ஜெபித்தாள். இன்னொருத்தி, “அந்த மலையில இருக்கற பேய்ங்க வேலைம்மா இது” என்றாள். என் மகள் எல்லாவற்றுக்கும் தலையசைத்தாள். விடிந்ததும் சாப்பிடாமலே முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினாள். அம்மாவிடம், “போயிட்டு வரேன்” என்றாள். என் பக்கம் திரும்பவில்லை.

“அவ உங்கள நம்பிச் சொன்னா” என்றாள் என் மனைவி. “ஆண்டவர்கிட்ட சொல்லணும்னா ரூம்ல சொன்னா அவருக்குக் கேக்காதா?”

அடுத்த வாரம் மறியல் தொடங்கியது. சாலையோரப் புளியமரங்கள் குறுக்கே விழுந்தன. பாலங்களை உடைத்தார்கள். சின்னசேலம் பக்கமும் பஸ் இல்லை, மலைப்பக்கமும் இல்லை. போலீஸ் சுட்டதாகவும், குடிசைகள் எரிந்ததாகவும் ஆளுக்கொன்று சொன்னார்கள். மலைக்குச் செய்தி அனுப்ப வழியில்லை. நான் முழங்காலில் நின்றேன். “என் மகளை” என்று தொடங்கினாலே வெள்ளிக்கிழமைக் குரல் வந்துவிட்டது. அந்தக் குரலை என்னாலேயே கேட்க முடியவில்லை. எழுந்து சைக்கிளை எடுத்தேன்.

கச்சிராயபாளையம் போகும் வழியில், சாலையை அடைத்துக் கிடந்த ஒரு மரத்தருகே ஆட்கள் நின்றார்கள்.

“இன்னா சார், எங்க போய்க்கினு இருக்க? எந்த ஊரு?”

அடுத்து என்ன சாதி என்று கேட்பார்களோ என்று முந்திக்கொண்டேன். “வாத்தியாருங்க. பொண்ணு மலையில ஆஸ்பத்திரில வேலை பாக்குது. பாத்துட்டு வரணும்” என்றேன். ஒருவருக்கொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு வயதான ஒருவர் வந்து, சைக்கிளின் ஒரு பக்கத்தைப் பிடித்து மரத்துக்கு மேலாகத் தூக்கிவிட்டார். கொஞ்ச தூரம் கூடவே நடந்து வந்தார். ஹேண்டில்பாரில் தொங்கிய பையில் வேதாகமத்தைப் பார்த்திருக்கிறார்.

“நீங்க வேதக்காரங்களா சார்? எம் பையன நேத்து போலீஸ் புடிச்சிக்கினு போயிட்டாங்க. எங்க வெச்சிருக்காங்கன்னே தெரில. உங்க சாமிகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க.”

“பையன் பேர் என்னங்க?”

அவர் சுற்றிலும் பார்த்தார். “பேர் வாணாம் சார். வெளிய தெரிஞ்சா அவனுக்குத்தான் ஆபத்து. எம் பையன்னு சொல்லுங்க. போதும்.”

சரி என்று தலையாட்டினேன். சைக்கிளில் ஏறிய பிறகும் முகம் சுட்டுக்கொண்டிருந்தது.

கோமுகி அணைப்பக்கம் ஒரு டீக்கடையில் சைக்கிளை விட்டுவிட்டு மலையேறினேன். போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. டாக்டர் சேலத்துக்குப் போனவர் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டிருந்தார். பிரசவ வலியோடு ஒரு பெண்ணைத் தூளி கட்டித் தூக்கி வந்திருந்தார்கள். கீழே அனுப்பவும் சாலை இல்லை. என் மகள் தனியாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்னைக் கண்டதும், “எப்படிப்பா வந்தீங்க? ரோடே இல்லியே” என்றாள். கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது.

“நான் பண்ணது தப்பும்மா.”

அவள் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: “நீங்க எனக்காக ஜெபம் பண்ணலப்பா. என்னப் பத்தி ஊருக்குச் சொன்னீங்க. நான் கண்ணத் தொறந்து பாத்தேன். எல்லாரும் என்னயே பாத்துக்கினு இருந்தாங்க. நீங்க மட்டும் கண்ண மூடிக்கினு இருந்தீங்க.”

உள்ளே அந்தப் பெண் அலறினாள். மகள் ஓடினாள். வாசலில் நின்று, “நான் ஜெபம் பண்ணட்டுமா?” என்று கேட்டேன்.

“பண்ணுங்க. சத்தமா வேணாம். அந்த அடுப்புல தண்ணி சுட வையுங்க.”

விறகைத் தள்ளித் தள்ளி அடுப்பை எரியவிட்டேன். புகையில் கண் எரிந்தது. உள்ளே இருக்கிற பெண்ணுக்காகவும், பேர் தெரியாத அந்தப் பையனுக்காகவும் கேட்டேன். கடைசியாக மகளிடம் வந்தபோது, அவளைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. என்னை மன்னியும் என்று மட்டும் வந்தது. உதடுகூட அசையவில்லை. என் வாழ்நாளில் அத்தனை சின்ன ஜெபம் நான் செய்ததில்லை.

பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிழைத்தாள். மகள் வெளியே வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தாள். அவ்வளவுதான்.

சாலை திறந்த பிறகு கீழே வந்தேன். வழியில் அடைத்துக் கிடந்த அந்த மரத்தை அப்புறப்படுத்தியிருந்தார்கள். பெரியவரைத் தேடினேன், காணவில்லை. அவர் மகன் வீடு திரும்பினானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஜெபக்கூட்டம் தொடர்ந்து நடந்தது. பிள்ளைகளைப் பற்றி அங்கே நான் வாய் திறப்பதில்லை. அவர்களுக்காக விடியற்காலையில் கதவைச் சாத்திக்கொண்டு கேட்கிறேன். பிள்ளைகளுக்கு எப்படி ஜெபிப்பது என்று சபையில் இளம் பெற்றோர் வந்து கேட்பார்கள். “மெதுவா பண்ணுங்க, அவங்க காதுல விழாம பண்ணுங்க” என்பேன். ஏன் என்று யாருக்கும் சொன்னதில்லை.

மகள் அதே மலையில் பல வருஷம் இருந்தாள். கல்யாணம் செய்துகொண்டு சேலத்துக்குப் போனாள். ஞாயிறு ஆராதனைக்குப் போகிறாள். முழங்காலில் நிற்கும்போது அவளுக்கு வாய் வருகிறதா என்று நான் கேட்டதில்லை. கேட்கும் உரிமையை இழந்துவிட்டேன் என்றே நினைக்கிறேன். என்மேல் பாசம் குறையவில்லை. போன் பண்ணுவாள், மாத்திரை போட்டீங்களா என்பாள். ஆனால் அந்தக் கடைத்தெரு நடைக்குப் பிறகு, தன் மனதில் உள்ள ஒன்றையும் அவள் என்னிடம் சொன்னதில்லை.

போன வருஷம் அவளுக்கு ஒரு ஆபரேஷன் நடந்தது. எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். என் மனைவிக்கு முன்பே தெரிந்திருந்தது.

“எங்கிட்ட ஏன் சொல்லல?” என்று மனைவியிடம் கேட்டேன்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி கீரைமேல் குனிந்துகொண்டாள்.